பதினெட்டுக்குப் பிறகு ஒரு வீடு

சிறுவர் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்ததும் உடுப்புப் பையைக் கையில் கொடுத்து "இனி உன்ர பாடு" என்று அனுப்பிவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை. அப்படி வெளியே வரும் பிள்ளைகளைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் வாடகை வீட்டில் குடியமர்த்தி, தனியாகச் சமாளிக்கும் வரை கூட நிற்கும் வேலையில் தெரிந்துகொண்டவற்றை, இதே வேலைக்கு இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறோம்.

வேலையைப் பதினாறு வயதில் தொடங்க வேண்டும். பதினெட்டில் தொடங்கினால் முதல் ஆறு மாதமும் பிரதேச செயலகத்து வாங்கிலேயே கழியும். பிள்ளை இல்லத்தில் இருக்கும்போது பிள்ளைக்குப் பொறுப்பான அரச அதிகாரியான நன்னடத்தை உத்தியோகத்தரின் கோப்பு திறந்திருக்கும். ஒரு கடிதம் கேட்டால் வரும். பதினெட்டு தாண்டிக் கோப்பு மூடப்பட்டபின் அதே கடிதத்துக்கு யாரிடம் போவது என்றே தெரியாது.

முதலில் பிறப்புச் சான்றிதழ். போரின் கடைசி ஆண்டுகளில் இடம்பெயர்ந்த இடங்களில் பிறந்த பிள்ளைகள் பலருக்கு அது இல்லை, அல்லது இருந்தும் பிழை. பதிவு நடந்திருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பிரதி எடுக்கலாம். பிறந்த திகதி, இடம், பெற்றோர் பெயர் தெரிந்திருந்தால் தேடுவது சுலபம். பதிவே நடக்கவில்லை என்றால் காலங்கடந்த பதிவு. அதற்கும் ஆதாரம் இல்லாதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ். பிள்ளைகளை அதிகம் அலைக்கழிப்பது பெயர்தான். சான்றிதழில் ஒரு எழுத்து, பாடசாலைப் பதிவில் இன்னொரு எழுத்து, தகப்பன் பெயரின் முதலெழுத்து வேறொன்று. பரீட்சைக்கு விண்ணப்பிக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். வங்கியிலும் கடவுச்சீட்டிலும் பிடிபடும். ஆகவே எல்லாப் பத்திரங்களையும் ஒரே மேசையில் விரித்துப் பெயர்களை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அட்டை பதினைந்து வயதிலேயே எடுக்கலாம். படிக்கிற பிள்ளைக்கு அதிபர் உறுதிப்படுத்துவார், மற்றவர்களுக்குக் கிராம அலுவலர்.

தாயோ தகப்பனோ காணாமல் ஆக்கப்பட்டிருந்தால் அந்தக் கடதாசியையும் விடக்கூடாது. 2010ஆம் ஆண்டின் மரணப் பதிவுத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் 2016இல் திருத்தப்பட்ட பிறகு, மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பம், ஆள் காணாமற்போனதை உறுதிப்படுத்தும் சான்றிதழைக் கேட்கலாம். எதை எடுப்பது என்பது பிள்ளையின் முடிவு. அதில் நாங்கள் வாய் திறப்பதில்லை. ஆனால் பெற்றோரின் காணி பற்றிக் கட்டாயம் விசாரிப்போம். வன்னியில் கனபேருடைய காணி சொந்த உறுதி உள்ள காணி அல்ல, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. அடுத்து அது சேரவேண்டிய பின்னுரித்தாளராக யாருடைய பெயர் எழுதப்பட்டிருக்கிறது, இப்போது அதில் யார் இருக்கிறார்கள் என்பதைக் காணிக் கிளையில் பார்க்க வேண்டும். சித்தப்பா வேலி போட்டுப் பயிர் செய்துகொண்டிருப்பார். பிள்ளைக்கு அப்படியொரு காணி இருப்பதே தெரியாது.

இனி வீடு. உட்கிராமத்தில் வாடகை குறைவு என்று போனால் மாட்டிக்கொள்வோம். கடைசி பஸ் பொழுதுபடவே போய்விடும். தையல் ஆலையிலோ கடையிலோ பின்னேர வேலை முடித்து வரும் பெண் பிள்ளை இருட்டுக்குள் நடக்க வேண்டிவரும். ஏ-9 வீதியிலிருந்தோ பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலிருந்தோ பத்து நிமிட நடைக்குள் பாருங்கள், வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. மலசலகூடம் வீட்டோடு அல்லது வேலிக்குள், உள்ளே தாழ்ப்பாள், கட்டுக் கிணறு, தனி மின்மானி: இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் எடுப்பதில்லை. கட்டிலும் நுளம்பு வலையும் முதல் நாளே வேண்டும். மாரியில் கட்டுவிரியன் பாம்பு வீட்டுக்குள் வரும். நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவரைத்தான் அது கடிக்கும். வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகப் பழக்க வேண்டும்.

தனியாக இருக்கும் இளம் பெண்ணுக்கு வீடு கொடுக்கத் தயங்குவார்கள். பிள்ளைக்குத் துணை நிற்கும் நிறுவனமே வாடகைக்காரராகக் கையெழுத்திட்டு, பிள்ளையின் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்த்தால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னிலையில் எழுத வேண்டும். முத்திரை ஒட்டிய வெள்ளைத்தாள் வழக்கென்று வந்தால் நிற்காது. குடிபுகும் நாளில் மின்மானி வாசிப்பையும் சுவர் வெடிப்புகளையும் படம் பிடித்து, திகதியுடன் வீட்டுக்காரருக்கும் அனுப்பி வையுங்கள். பிறகு அந்த இடத்துக் கிராம அலுவலரிடம் பிள்ளையை நேரே கூட்டிக்கொண்டு போய்ப் பதிய வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறாதவர் வதிவிடச் சான்றிதழ் கேட்டாலும் வெள்ள நிவாரணம் கேட்டாலும் "நீர் எந்த இடம்?" என்ற கேள்வியில் நின்றுவிடுவார்.

காசுதான் கவிழ்க்கும். இல்லத்தில் பிள்ளையின் பெயரில் சேர்ந்த பணம் பதினெட்டில் மொத்தமாகக் கைக்கு வரும். அதே வாரம் இதுவரை எட்டிப் பார்க்காத உறவினர் வருவார். உறவினர் வராவிட்டால் மோட்டார் சைக்கிள் லீசிங்காரர். பணம் வருவதற்கு முன்பே மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டு நிலையான வைப்பில் போடுவது பற்றிப் பேசி, வங்கிக்கும் ஒருதரம் போய் வந்துவிட வேண்டும். அதன் பிறகும் கட்டாயப்படுத்த முடியாது, காசு அவர்களுடையது. நிறுவனம் பிள்ளைக்குத் தரும் கொடுப்பனவை முதல் மூன்று மாதம் கிழமைக்கு ஒருமுறை, அடுத்த மூன்று மாதம் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, அதன் பின்னர்தான் மாதத்துக்கு. வாடகையில் பிள்ளையின் பங்கு சம்பளம் வந்த முதல் மாதத்திலேயே தொடங்க வேண்டும், சிறு தொகையானாலும். ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு ஏழாவது மாதம் வாடகை கேட்டால் அது தண்டனையாகத் தெரியும்.

பெண் பிள்ளைகளுக்கு நுண்கடன் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டு அக்கா அன்பாகத்தான் கேட்பா, "குழுவுக்கு ஒராள் குறையுது, ஒரு கையெழுத்து வையும் பிள்ளை" என்று. அந்தக் கையெழுத்தின் பொருள், மற்றவர் கட்டாவிட்டால் நீ கட்டு என்பது. கடைக் கடன் கொப்பி அவ்வளவு மோசமில்லை. ஆனால் அதைக் கிழமைக்கொருமுறை பிள்ளையே கூட்டிப் பார்க்க வேண்டும்.

சமையலில் ஒரு வேடிக்கை: இல்லத்துக் குசினியில் பெரிய கிடாரத்தில் உதவி செய்த பிள்ளைக்கு இரண்டு பேருக்கு அளவு தெரியாது. இரண்டு பேருக்குக் கிழமைக்கு ஐந்து கிலோ அரிசி, முக்கால் கிலோ பருப்பு, நாலைந்து தேங்காய் என்று எழுதி ஒட்டிவிட்டால் முதல் மாதம் தப்பும்.

வேலையில் சேர்ந்ததும் நியமனக் கடிதமும் சம்பளத் துண்டும் கேட்கச் சொல்லிக் கொடுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 வீதம் கழிக்க, முதலாளி 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியின் 3 வீதம் முழுக்க முதலாளியுடையது. தொழிற்பயிற்சிக்குப் போகிறவர் என்றால் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் தரும் நெறிதானா என்று முதலில் பாருங்கள். வெறும் பங்குபற்றல் சான்றிதழை வைத்துக்கொண்டு வேலை கேட்டு அலைந்தவர் பலர்.

கூட நிற்பவர் முதல் மாதம் கிழமைக்கு இரண்டு தரம் போக வேண்டும், ஒன்று கட்டாயம் ஞாயிறு பின்னேரம். ஐம்பது பேருக்கு நடுவில் தூங்கிப் பழகிய பிள்ளைக்கு ஞாயிறு பின்னேரம்தான் கனக்கும். வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டு, பிள்ளை திறந்த பிறகே உள்ளே போவது. அலுமாரியைத் திறந்து பார்ப்பதில்லை. அலுவலகங்களிலும் பிள்ளைதான் பேச வேண்டும், நாங்கள் பின்வரிசை வாங்கில் இருப்போம். மனநலக் கிளினிக் போகிறவர் மாவட்டம் மாறினால் கிளினிக் கொப்பியுடன் மாற்றுக் கடிதம் வாங்கி, புதிய வைத்தியசாலையின் திகதி கிடைத்த பிறகே இடம் மாற வேண்டும். இடையில் மருந்து நின்ற பிள்ளையை மீட்க மாதக்கணக்காகும். பதினெட்டு தாண்டியவருக்கு 1929 சிறுவர் இலக்கம் பொருந்தாது. கதவில் ஒட்டவேண்டியவை மகளிர் உதவி இலக்கம் 1938, மனநல உதவி 1926, அம்புலன்ஸ் 1990.

திடீர்க் கல்யாணம் வரும். தனிமைக்கு அதுவே மருந்து என்று ஊரும் சொல்லும். தடுக்கப் போனால் பிள்ளை எங்களிடம் வருவதை நிறுத்திவிடும், அதனால் கேட்பது ஒன்றுதான்: பதிவு நடக்கட்டும், அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் உன் கையிலேயே இருக்கட்டும்.

ஓராண்டிலோ இரண்டாண்டிலோ ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டுப் பிள்ளையின் பெயரில் மட்டும் எழுதுகிறோம். முற்பணம் அப்படியே அவர் பெயருக்கு மாறும். வேலை போய் வாடகை கட்ட முடியாமல் திரும்பி வந்தால் தங்குவதற்கு ஒரு கட்டில் எப்போதும் காலியாக வைத்திருக்க வேண்டும். அதற்கான செலவைத் திட்டத்தின் முதல் பாதீட்டிலேயே எழுதாவிட்டால் பிறகு எந்த நிதி வழங்குநரும் தரமாட்டார்.