ஹெர்குலஸ் ஃப்ரேமுக்கு தங்கக் கோடு

பழைய கறுப்பு சைக்கிளை ரெடி பண்ண இறங்குறவங்க மொதல் வேலையா பெயின்ட்டை சுரண்டிடுறாங்க. என்னைக் கேட்டா அது கடைசியா செய்யிற வேலை, கறுப்பு எந்தக் கடையிலயும் கிடைக்கும், ஆனா அந்த ஃப்ரேம்ல கோடு எங்க ஆரம்பிச்சு எங்க வளைஞ்சுதுன்னு சுரண்டுன அப்புறம் யார்கிட்ட போய் கேக்குறது?

இது எங்க தாத்தாவோட ஹெர்குலஸ் வண்டி. அம்பத்தூர்ல 1949ல ஹெர்குலஸ் சைக்கிள் செஞ்ச டிஐ சைக்கிள்ஸ் கம்பெனி வந்துச்சுல்ல, அதுக்குக் கொஞ்ச காலம் கழிச்சு வாங்குனது. அப்ப எங்க செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில இருந்துச்சு, 1956 நவம்பர் 1ல தான் இந்தப் பக்கம் வந்துச்சு. பகல்ல பாத்தா ஃப்ரேம்ல துருவும் எண்ணெய்ப் பிசுக்கும்தான், கோடு இருந்ததா சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. ராத்திரி லைட்டை அணைச்சுட்டு செல்போன் டார்ச்சை ட்யூப்போட ஒட்டி சாய்ச்சுப் புடிச்சேன், கலர் போயிருந்தாலும் கோடு லேசா மேடா எந்திரிச்சு நிக்குது, நகத்தை குறுக்கால இழுத்தா தட்டுது. அது மேல பட்டர் பேப்பரை ஒட்டி பென்சிலைப் படுக்க வச்சு தேய்ச்சு, ட்யூப் ட்யூப்பா எழுதி வச்சுக்கிட்டேன். கலர் மாட்டுனது ஃபோர்க்ல டைனமோ கிளாம்ப்பை கழட்டினப்பதான், வெயிலே படாத அந்த ரெண்டு விரல் அகலத்துல நல்ல தங்கக் கோடு, அதை ஒட்டி நூல் கணக்கா ஒரு சிவப்பு.

அண்ணன் "பவுடர் கோட்டிங் போட்டுருல, கவலையே இல்ல"ன்னான். கவலை இல்லதான், ஆனா அது தடிமனா உக்காரும், ட்யூப் சேர்ற இடத்துல மாட்டியிருக்கிற இரும்பு உறை, அதான் லக்கு, அதோட கூர்மையான ஓரம் எல்லாம் மொழுக்குனு ஆயிரும், அதை ஒட்டி ஓடுற கோட்டுக்கு அப்புறம் என்ன அழகு? டூக்கோ, அதான் சீக்கிரம் காயிற லாக்கர் பெயின்ட், அடிக்கலாம்னா இங்க சாரல் சீசன், காத்துல ஈரம் இருந்தா வெள்ளையா பூத்துரும். அதனால எனாமல், நல்லா காயவிட்டு, தண்ணி பேப்பர் (தண்ணி தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) போட்டு, மறுபடி எனாமல். பொறுமை சோதிக்கும், ஆனா ஒரு லாபம் உண்டு, அடியில உள்ளது நல்லா இறுகிட்டா மேல போட்ட கோடு கோணலானா ஈரத்தோட டர்பன்டைன் துணியால தொடைச்சுட்டு திரும்பப் போடலாம்.

கோடு போட்டது போர்டு எழுதுற அண்ணாச்சி, ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அவருக்கு வேலை கம்மி. ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிட்டா என்னன்னு கேட்டேன், பதிலே சொல்லல. முடி நீளமான பிரஷ் (முன்ன கீரி முடிதான் பெயின்டர்மாருக்கு கெத்து, இப்ப வனவிலங்கு சட்டப்படி அது குத்தம்), ஓட்டுத்துண்டுல ரெண்டு பக்கமும் இழுத்து இழுத்து பெயின்ட்டை முடி முழுக்க ஏத்துனாவ, சுண்டுவிரலை ட்யூப் மேல ஊணிக்கிட்டு முடியைப் படுக்கப் போட்டு தன்னைப் பாக்க இழுத்தாவ. "நீ ஆடாம புடி, நான் நடந்துக்கிடுதேன்"னு கையை அசைக்காம உடம்போட பின்னால நகர்ந்தாவ பாருங்க, ஹேண்டில்ல இருந்து பெடல் வரைக்கும் ஒரே இழுப்பு. புல்லட் டேங்க்ல கையால கோடு போடுறதை எல்லாரும் வீடியோவுல பாத்து வாயைப் பொளக்குறோம், நம்ம தெருவுலயே ஆள் இருக்காவ.

தங்கம்னா தங்கம் இல்ல, செம்பும் துத்தநாகமும் கலந்த பவுடரை வார்னிஷ்ல குழைக்கிறது. அப்படியே விட்டா காத்து பட்டு கறுக்கும், மேல வார்னிஷ் அடிச்சா மினுக்கம் கொஞ்சம் மங்கும். நான் அடிச்சுட்டேன், ஓட்டுற வண்டி இது.

செயின் கவர்ல மட்டும் ஒரு தடமும் கிடைக்கல, இப்போதைக்கு வெறும் கறுப்பா விட்டிருக்கேன். அந்தக் காலத்து ஹெர்குலஸ் யார் வீட்டுலயாவது கிடந்தா செயின் கவரை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, பக்கத்துல ஸ்கேல் வச்சு எடுங்க, இல்லன்னா கோட்டோட அகலம் தெரியாது.