யூரியாவும் வேண்டாம், கடப்பாரையும் வேண்டாம்

எங்கள் அபார்ட்மெண்டில் புல் மஞ்சளானால் வாட்ஸ்அப் குழுவில் முதலில் வருவது யூரியா. அடுத்தது, "இந்தக் கொரியன் புல்லே சரியில்லை, மாற்றிவிடலாம்". மண்ணைப் பற்றி ஒருத்தரும் பேச மாட்டார்கள். பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் குடியேறும்வரை டூல்ரூமில் மைக்ரோமீட்டரோடு வாழ்ந்தவன் நான். அளந்து பார்க்காத எதன் மேலும் எனக்கு நம்பிக்கை வராது.

அதனால் 7 சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள பிவிசி குழாயில் 10 சென்டிமீட்டர் வெட்டி, ஓரத்தைக் கூராக்கி, மண்ணில் அடித்து இறக்கினேன். உள்ளே பிடிபடும் மண்ணின் கன அளவு 385 கன சென்டிமீட்டர். அதை 105 டிகிரியில் காயவைத்து நிறுக்க வேண்டும். வீட்டு ஓவனில்தான் காயவைத்தேன், வீட்டில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து.

பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் இடத்து மண் 620 கிராம். செம்பருத்தி வேலிக்குப் பின்னால், யாரும் மிதிக்காத இடத்து மண் 500 கிராம். குழாய் அதேதான், செம்மண்ணும் அதேதான். அடர்த்தி என்று பார்த்தால் முன்னது கன சென்டிமீட்டருக்கு 1.61 கிராம், பின்னது 1.30. மண் துகளின் அடர்த்தி சுமார் 2.65 என்று வைத்துக் கணக்குப் போட்டால், வேலியோரத்தில் பாதிக்குமேல் வெற்றிடம். ஆடுகளத்தில் 39 சதவீதம்தான். அதிலும் நசுங்கிப்போனது பெரிய துளைகள். காற்று போக வர இருந்த வழியே அவைதான். மிச்சமிருக்கும் பொடித் துளைகள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாது. வேருக்கு ஆக்சிஜன் இல்லாதபோது யூரியா போட்டு என்ன பண்ண?

"சார், நாலு மூட்டை எம்-சாண்ட் கொட்டிக் கிளறிடலாமா?" என்றார் எங்கள் தோட்டக்காரர். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், கை வேலையில் கெட்டி. ஆனால் இதற்கு நான் சம்மதிக்கவில்லை. எங்கள் செம்மண்ணில் இருக்கும் களித்துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிசு, மணல் 0.05இலிருந்து 2 மில்லிமீட்டர் வரை. கொஞ்சம் மணலைக் கலந்தால் அதன் இடுக்கையெல்லாம் களி அடைத்துக்கொள்ளும். மணல் மணலைத் தொட்டு நிற்கிற அளவுக்குப் போட்டால்தான் பெரிய துளை கிடைக்கும். அப்படியென்றால் கலவையில் பெரும்பகுதி மணலாகவே இருக்க வேண்டும். செலவைக் கேட்டால் அசோசியேஷன் பொருளாளர் மயங்கி விழுவார்.

எங்களுக்கு இன்னொரு வில்லங்கம், புல்வெளிக்குக் கீழே கார் பார்க்கிங். கான்கிரீட் தளத்தின் மேல் ஜல்லி, அதன் மேல் சுமார் 20 சென்டிமீட்டர் மண், அவ்வளவுதான். ஜல்லி இருப்பதால் தண்ணீர் உடனே வடிந்துவிடும் என்று லேண்ட்ஸ்கேப் ஆள் சொல்லிவிட்டுப் போனார். நடப்பது வேறு. பொடித் துளை மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்குள் தண்ணீர் லேசில் இறங்காது. மண்ணின் அடிப்பகுதி கிட்டத்தட்ட நிரம்பி வழியும் நிலைக்கு வந்தால்தான் சொட்டும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள், சொட்டுவது நின்றுவிடும். அதையே செங்குத்தாகத் திருப்பினால் மறுபடி சொட்டும். மண்ணும் ஆழம் குறையக் குறைய நசநசவென்றுதான் கிடக்கும்.

சின்னசாமி மைதானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015 நவம்பரில் தென்னாப்பிரிக்காவுடன் நடந்த டெஸ்டில் முதல் நாளைத் தவிர மற்ற நான்கு நாளும் மழையில் போயின. 2017இல் அங்கே மணல் அவுட்ஃபீல்டும், அதன் அடியில் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும் சப்-ஏர் அமைப்பும் வந்தன. அதே குழாய்களில் காற்றை மேல்நோக்கி ஊதி வேருக்கும் அனுப்பலாம். அவ்வளவு வசதி நமக்கு ஏது?

நம் கைக்கு எட்டியது துளை போடுவது. அதைக் கடப்பாரையால் குத்தினால் மண் பக்கவாட்டில் இன்னும் இறுகும். மண்ணை வெளியே எடுக்க வேண்டும். அரை அங்குல ஜிஐ குழாயின் வாயைத் தீட்டி, மிதிப்பதற்கு ஒரு குறுக்குக் கம்பி வெல்டிங் வைத்துக் கொடுத்தேன். ஒரு சாண் இடைவெளியில் குத்தி எடுத்து, துளைகளில் தூசி போகக் கழுவிய எம்-சாண்டை நிரப்புகிறோம். இங்கே மணல் களியோடு கலக்காமல் துளைக்குள் தனியாக நிற்பதால் அந்தப் பழைய சிக்கல் இல்லை. மண் லேசாக ஈரமாக இருக்கும்போதுதான் இந்த வேலை. சேறாக இருந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும், காய்ந்திருந்தால் இறங்காது.

அப்புறம், மழை பெய்த மறுநாள் புல்வெளியில் கிரிக்கெட் கூடாது என்று போர்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஈர மண்தான் மிதியில் சீக்கிரம் இறுகும். இதற்குப் பிள்ளைகள் ஒத்துக்கொண்டார்கள். அவர்களுடைய அப்பாக்களிடம்தான் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.