சலேத் மாதாவிடம் சொன்ன சேதி

அம்மாவின் மார்பில் கட்டி இருப்பது எங்களுக்குத் தெரிய வந்தபோது, அவருக்கு அது தெரிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. "வலிக்கலையே, அதான் சொல்லல" என்றார். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலியே இருக்காது என்று மருத்துவர் சொன்னபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அப்புறம் நாங்களும் மறைக்க ஆரம்பித்தோம். தோகாவில் இருக்கும் தம்பியின் மனைவிக்கு அப்போது மூன்றாவது மாதம். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும், அதுவரை அவனிடம் மூச்சு விடக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் நடந்தன. முடி கொட்டியபோது, போனில் கேமரா கெட்டுவிட்டது என்று அவனிடம் சொல்லிவிட்டோம். பேத்தி பிறந்த அன்றும் அம்மா குரலை மட்டும்தான் அனுப்பினார்.

கதிர்வீச்சு முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "கோடைக்கானல் சலேத் மாதா திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போ."

ஆகஸ்ட் 14 காலையில் திண்டுக்கல்லிலிருந்து கிளம்பினோம். வத்தலகுண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அம்மா ஜெபமாலையை எடுத்துவிட்டார். பெருமாள்மலை வரும்போது மஞ்சு இறங்கி, முன்னால் போகும் பஸ்ஸின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது.

1860களில் இயேசு சபைக் குருக்கள் எழுப்பிய ஆலயம் அது. பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையில் உள்ள லா சலேத் என்ற ஊரில் 1846 செப்டம்பர் 19 அன்று, மாடு மேய்க்கப் போன மெலானி, மாக்சிமின் என்ற இரண்டு பிள்ளைகள் மாதாவைக் கண்டார்கள். முதலில் அவர்கள் கண்டது, கல்லில் உட்கார்ந்து இரு கைகளாலும் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணை. அவர் மார்பில் தொங்கிய பாடுபட்ட சிலுவையின் ஒரு பக்கம் சுத்தியல், மறுபக்கம் குறடு. ஆணி அடிப்பது ஒன்று, பிடுங்குவது மற்றொன்று. சின்ன வயதில் அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குறடுதான் பிடிக்கும். அழுகிற மாதாவை எதற்கு இவ்வளவு தூரம் தேடி வருகிறார் என்பது மட்டும் இந்த வருஷம்தான் புரிந்தது. சிகிச்சை நடந்த எட்டு மாதமும் எங்கள் முன்னால் அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அங்கே, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அரை மணி நேரம் அழுதார். நான் தடுக்கவில்லை.

பூசைக் கருத்து, அதாவது பூசையில் வாசிக்க வேண்டிய நன்றியும் வேண்டுதலும், எழுதும் இடத்தில் நான், "புற்றுநோய் குணமானதற்கு நன்றி" என்று சொல்லத் தொடங்கினேன். அம்மா என் கையைப் பிடித்தார். "குணமாயிருச்சுன்னு டாக்டர் இன்னும் சொல்லல. சிகிச்சை முடிஞ்சதுக்கு நன்றின்னு எழுதச் சொல்லு. பேத்தி பிறந்ததுக்கும் நன்றி." இன்னும் ஐந்து வருஷத்துக்குத் தினம் ஒரு மாத்திரை, இடையிடையே பரிசோதனை இருக்கிறது. மாதாவிடம்கூட மிகைப்படுத்திச் சொல்ல மாட்டார் என் அம்மா.

இரவு தேர் பவனி. அறுவை நடந்த பக்கம் வலது கை வீங்கும், பாரம் தூக்கக் கூடாது. அதனால் இடது கையில் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு, சாரலில் அணைய அணையப் பக்கத்தில் நின்றவர்களிடம் ஏற்றிக்கொண்டே நடந்தார்.

மறுநாள் மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா. பூசைக்கு முன் கருத்துகளை வாசித்தார்கள். வேலை கிடைத்தமைக்கு நன்றி, குழந்தை வரம் வேண்டி, கணவரின் முதலாம் ஆண்டு நினைவு, கண் அறுவை நல்லபடியாக நடக்க. முகம் தெரியாத எத்தனையோ வீடுகளின் நல்லதும் கெட்டதும் ஒரே மூச்சில் வந்தன. நடுவில் அம்மாவின் பெயர், நோயின் பெயரோடு. நாங்கள் வீட்டுக்குள் குரலைத் தாழ்த்திச் சொன்ன வார்த்தை ஒலிபெருக்கியில் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முன் வரிசைப் பாட்டி ஒருவர் மட்டும் சிலுவை போட்டுக்கொண்டார்.

அன்றைய நற்செய்தி லூக்கா முதல் அதிகாரம். மரியாள் மலைநாட்டுக்கு விரைந்து போய் எலிசபெத்தைச் சந்திக்கும் பகுதி. நல்ல சேதியைச் சுமந்துகொண்டு மலையேறிப் போன பெண். அந்த எலிசபெத்தும் கருவுற்றபின் ஐந்து மாதம் பிறர் கண்ணில் படாமல் இருந்தார் என்று அதே அதிகாரத்தில் சற்று முன்னால் வருகிறது. ஐந்து மாதம். அம்மாவும் அதைத்தான் நினைத்தாரோ என்னவோ, என்னைப் பார்த்தார்.

பூசை முடிந்து வெளியே வந்ததும், "போனைக் குடு. கேமராவையும் போடு" என்றார்.

தம்பி எடுத்தான். அம்மா முக்காட்டை எடுத்தார். அரை அங்குலம் வளர்ந்திருந்த வெள்ளை முடியில் சாரல் விழுந்தது. எல்லாவற்றையும் வரிசையாக, ஒன்று விடாமல் சொன்னார். எதிர்முனையில் வெகுநேரம் பேச்சே இல்லை, விம்மல்தான் கேட்டது.

"அழாதடா" என்றார் அம்மா. "நீ அழுதா பிள்ளை முழிச்சுக்கும். எங்க, அவளைக் காட்டு. நானும் அவளும் இன்னும் நேர்ல பாத்துக்கவே இல்ல."