விஎம்மில் அழித்த 122 ஜிபியை ஹோஸ்டில் திரும்பப் பெற்ற கதை

கியூஎம்யூ மென்பொருளில் ஓடும் விஎம் (மெய்நிகர் கணினி) ஒன்றின் டேட்டா டிஸ்க், ஹோஸ்டின் (அதை ஓட்டும் நிஜ மெஷினின்) எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் பார்ட்டிஷனில் 200 ஜிபி ரா ஸ்பார்ஸ் ஃபைலாக (எழுதிய பகுதி மட்டும் இடம் பிடிக்கும் ஃபைல்; இதுதான் ‘இமேஜ்’) இருந்தது. கெஸ்டுக்குள் (விஎம்முக்குள்) பழைய பேக்கப்புகளை அழித்த பிறகு டிஎஃப் கட்டளை பயன்பாடு 48 ஜிபி என்றது. ஹோஸ்டில் டியூ (ஃபைல் பிடித்திருக்கும் இடத்தைக் காட்டும் கட்டளை) 171 ஜிபியை விட்டு அசையவில்லை. கெஸ்ட் தன் பிட்மேப்பில் மட்டும் ‘காலி’ என்று குறித்துக்கொள்ளும். டிஸ்கார்ட் (‘இந்த இடம் இனி வேண்டாம்’ என்ற அறிவிப்பு) கீழே இறங்கி வராதவரை ஹோஸ்டுக்கு அது தெரியாது.

கெஸ்டின் காலி இடம் முழுக்க டிடி கட்டளையால் பூஜ்ஜியம் எழுதிவிட்டு, ஹோஸ்டில் ஃபாலொகேட் கட்டளையின் டிக்-ஹோல்ஸ் (பூஜ்ஜியப் பகுதிகளைத் துளையாக்கி இடத்தை விடுவிப்பது) ஓட்டும் பழைய வழியைப் பிடித்தேன். செய்யாதீர்கள். பூஜ்ஜியம் எழுத எழுத இமேஜ் முழு 200 ஜிபிக்கு வீங்கும்; அதற்கு இன்னும் 29 ஜிபி வேண்டும், ஹோஸ்டில் இருந்தது 22. இடம் தீர்ந்ததும் விஎம் இடைநிறுத்தமாகி நின்றது. அதே பார்ட்டிஷனில் எழுத முயன்ற இன்னொரு விஎம்மும் நின்றது. காப்பாற்றியது எக்ஸ்ட்4 ரூட்டுக்கென (நிர்வாகிப் பயனருக்கென) ஒதுக்கி வைக்கும் 5 சதவீதம்தான். கியூஎம்யூ ரூட்டாக ஓடாததால் அந்த இடத்தைத் தொட முடியாது. ட்யூன்2எஃப்எஸ் கட்டளையில் அதை 1 சதவீதமாக்கியதும் 500 ஜிபி பார்ட்டிஷனில் 20 ஜிபி கிடைத்தது. விர்ஷ் ரெஸ்யூம் கட்டளை கொடுத்ததும் இரண்டும் ஓடின.

விஎம்மை நிறுத்திவிட்டு டிக்-ஹோல்ஸ் ஓட்டினேன். (ஓடும் இமேஜின் மேல் ஓட்டவே கூடாது: அது பூஜ்ஜியம் என்று படித்த இடத்தில், துளையிடுவதற்குள் கெஸ்ட் எழுதிவிட்டால் டேட்டா போய்விடும்.) 200 ஜிபியையும் படித்து முடித்தது, ஒரு ஜிபிகூடக் குறையவில்லை. காரணம் கெஸ்டுக்குள் இருந்த லக்ஸ் என்க்ரிப்ஷன் (டிஸ்கில் எழுதுவதையெல்லாம் மறைகுறியாக்குவது). உள்ளே எழுதிய பூஜ்ஜியம் வெளியே சைஃபர் டெக்ஸ்டாக (மறைகுறியாக்கிய டேட்டாவாக) வந்து விழுகிறது. ஹோஸ்டின் கண்ணுக்கு அதில் பூஜ்ஜியமே இல்லை. லக்ஸ் இருந்தால் பூஜ்ஜியம் எழுதுவது முழு வீண்.

சரியான வழி டிஸ்கார்ட்தான். லிப்விர்ட் எக்ஸ்எம்எல்லில் (விஎம்மின் அமைப்பு ஃபைலில்) அந்த டிஸ்கின் டிரைவர் வரியில் டிஸ்கார்ட் மதிப்பை அன்மேப் என்று வையுங்கள். கெஸ்டுக்குள்ளிருந்து ரீபூட் செய்தால் போதாது. முழுக்க ஷட்டவுன் செய்து மறுபடி ஸ்டார்ட் செய்தால்தான் புது எக்ஸ்எம்எல் எடுபடும். அன்மேப் இல்லாவிட்டாலும் கெஸ்டில் எஃப்எஸ்ட்ரிம் (காலி இடத்துக்கெல்லாம் டிஸ்கார்ட் அனுப்பும் கட்டளை) ‘இத்தனை ஜிபி ட்ரிம் ஆனது’ என்றே சொல்லக்கூடும்; கியூஎம்யூ அதைச் சத்தமில்லாமல் கைவிட்டிருக்கும். ஹோஸ்டில் டியூ குறைகிறதா என்பதை மட்டும் நம்புங்கள்.

இதற்குப் பிறகும் ஒரு பொறி இருந்தது. எஃப்எஸ்ட்ரிம்மை ‘ஆல்’ ஆப்ஷனோடு ஓட்டியபோது ரூட் பார்ட்டிஷன் மட்டும் பட்டியலில் வந்தது. டேட்டா டிஸ்கின் பெயரே இல்லை, எரரும் இல்லை. டிஸ்கார்ட் ஏற்காததை அந்த ஆப்ஷன் பேசாமல் தாண்டிவிடும். எல்எஸ்பிஎல்கே கட்டளையின் டிஸ்கார்ட் பட்டியலைப் பார்த்தால் விஷயம் தெரிந்தது: விடிபி (டேட்டா டிஸ்க்) வரியில் எண் இருக்கிறது, அதற்குக் கீழே கிரிப்ட் (லக்ஸ்) வரியில் 0. லக்ஸ் டிஸ்கார்டை இயல்பாகக் கீழே விடாது. கிரிப்ட்டேப்பில் (லக்ஸ் வால்யூம்களின் அமைப்பு ஃபைலில்) டிஸ்கார்ட் என்று சேர்த்து, வால்யூமை மூடித் திறக்க வேண்டும். இப்படிச் செய்தால், எந்தப் பகுதி காலி என்பது இமேஜைப் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். அது ஏற்புடையதா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்த ட்ரிம்மில் டியூ 49 ஜிபிக்கு இறங்கியது. உடனே மறுபடி ஓட்டினால் 0 என்று வரும். ஏற்கெனவே ட்ரிம் ஆன பிளாக் குரூப்புகளை எக்ஸ்ட்4 நினைவில் வைத்திருக்கும், பயப்பட வேண்டாம்.

இமேஜை வேறு மெஷினுக்கு நகலெடுக்கும்போது எஸ்சிபி வேண்டாம். ஓட்டைகளையும் பூஜ்ஜியமாகவே அனுப்பி, அங்கே 200 ஜிபியாக எழுதிவிடும். ஆர்சிங்க்கை ஸ்பார்ஸ் ஆப்ஷனோடு ஓட்டுங்கள்.