வரி நோட்டு வாசலுக்கு வருமுன்

மாசி பிறந்துவிட்டால் காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசிப் பங்குனித் திருவிழாப் பேச்சு ஆரம்பித்துவிடும். பால்குடம், காவடி, முளைப்பாரி என்று தெருவே மஞ்சளாகும். சுற்றுக் கிராமங்களில் அவரவர் அம்மன் திருவிழாவும் முன்னே பின்னே வரும். நோட்டும் பேனாவுமாக நாலு பேர் வாசலில் நிற்பார்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. கிறிஸ்தவ வீட்டு வாசலிலும் அதே நோட்டுதான் விரியும். யாரும் மிரட்டமாட்டார்கள். "என்ன மாப்ளே, நம்ம ஊரு விசேஷம்" என்பார்கள். இந்தப் பக்கம் விசுவாசத்துக்கு வரும் நெருக்கடி முக்கால்வாசி இப்படி அன்பு முகத்தோடுதான் வரும். அதனால்தான் சமாளிப்பது கஷ்டம்.

வழக்கமாக நடப்பது இரண்டு. ஒன்று, முணுமுணுத்துக்கொண்டே பாதியைக் கொடுத்து அனுப்புவது. இன்னொன்று, அவர்கள் வரும் நேரம் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பது. பாதி கொடுத்தால் கஞ்சன் என்று பேர். கதவைச் சாத்தினால் ஊரை விட்டு ஒதுங்கிவிட்டான் என்று பேர். இரண்டிலும் விசுவாசம் என்று ஒன்று இருப்பதே வந்தவர்களுக்குத் தெரிவதில்லை.

செய்ய வேண்டியது, நோட்டு வருவதற்கு ஒரு வாரம் முன்பே நாமே பெரியவர் வீட்டுக்குப் போவது. வரி எவ்வளவோ அதே தொகை, முடிந்தால் நூறு ரூபாய் கூடவே. "ஐயா, பூசைச் செலவுக்கு நான் குடுக்கிறதில்லை, உங்களுக்கே தெரியும். இதை ஊரணி வேலைக்கோ தண்ணிப் பந்தலுக்கோ எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டு, அப்படியே நோட்டில் எழுதும்வரை உட்கார்ந்திருப்பது. எழுதுவது முக்கியம். எழுதாத பணம் அடுத்த வருடம் "போன தடவை குடுத்தீங்களே" என்று திரும்பி வரும். தொகை குறையாமல் இருப்பது அதைவிட முக்கியம். பணத்தை மிச்சப்படுத்தும் மறுப்பை யாரும் நம்பமாட்டார்கள், நம்ப வேண்டியதும் இல்லை.

காப்புக் கட்டிவிட்டால் பல ஊர்களில் அசைவம் சமைக்கமாட்டார்கள், இரவு வெளியூரில் தங்கமாட்டார்கள். அந்தக் கட்டுப்பாடு நமக்கு இல்லை. ஆனாலும் பக்கத்து வீட்டில் விரதம் இருக்கும்போது நம் அடுப்பில் கருவாடு பொரிய வேண்டியதில்லை. பெரும்பாலும் அதே நாட்களில்தான் நமக்கும் தவக்காலம், சி.எஸ்.ஐ. சபைக்காரர்களுக்கு லெந்து. கத்தோலிக்கருக்கு விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு; 18 வயது முதல் 59 வரை உள்ளவர்களுக்குக் கட்டாயம். தெருவே பத்தியமாக இருக்கும் மாதத்தில் நோன்பு இருப்பதைப் போல் வசதி வேறில்லை. செட்டிநாட்டு மெஸ்ஸில் அடுப்படி வேலை பார்ப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம். நண்டு மசாலாவில் உப்புப் பார்க்காமல் முடியாது. நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், அது சாப்பாடு ஆகாது.

குங்குமத் தட்டுக்கு வருவோம். ஆச்சி வீட்டுக்கு விசேஷத்துக்குப் போனால், புறப்படும்போது வெற்றிலை பாக்கு, பழம், ரவிக்கைத் துணி, கூடவே குங்குமச் சிமிழ். தவறு எப்போது நடக்கிறதென்றால், ஆச்சியின் விரல் நெற்றிக்கு வந்தபிறகு தலையைப் பின்னால் இழுக்கும்போது. பட்டாலையில் பத்துப் பேர் பார்க்க, எண்பது வயது விரல் அந்தரத்தில் நிற்கும். அந்த அவமானம் அவர்களுடையதாகிவிடும். சொல்ல வேண்டிய நேரம், அவர்கள் தட்டைக் கையில் எடுக்கும்போது. பக்கத்தில் போய், "ஆச்சி, வெத்தலை பாக்குக் குடுங்க ஆச்சி. குங்குமம் மட்டும் நான் வச்சுக்கிறதில்லை, கோவிச்சுக்காதீங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இரண்டு கையாலும் மற்றதை வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் தடவைதான் சங்கடம். அடுத்த தடவை ஆச்சியே சிமிழை ஓரமாக வைத்துவிடுவார். நேரம் தவறி, வைத்தே விட்டார்களா? அங்கேயே துடைக்காதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி அப்போஸ்தலர் பவுல் பைபிளில் 1 கொரிந்தியர் 10-இல் துல்லியமாகச் சொல்லிவிட்டார். கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடலாம், அழைத்த வீட்டில் வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடலாம், இது படைத்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால் வேண்டாம். அதுவும் யாருக்காக? நம் வயிற்றுக்காக அல்ல, சொன்னவருடைய மனச்சாட்சிக்காக. ஆகவே பந்தியில் உட்கார்ந்துகொண்டு "இது சாமிக்கு வச்சதா?" என்று ஒவ்வொரு கிண்ணமாகக் குடைவது பவுல் சொன்னதற்கு நேர் எதிர். பிரசாதம் என்று சொல்லியே கொடுத்தால் அப்போது வேண்டாம் என்று சொல்லலாம். இதில் சபைக்குச் சபை அளவு மாறும். பெந்தெகொஸ்தே சகோதரர் ஆயுத பூசைப் பொரியைத் தொடமாட்டார், கத்தோலிக்கர் ஒருவர் அன்பளிப்பாக வாங்கிக்கொள்வார். ரோமர் 14-ஐ வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் நியாயந்தீர்க்காமல் இருந்தாலே பாதிச் சண்டை குறையும். கிறிஸ்துமஸுக்கு நாம் கொடுக்கும் அதிரசத்தையும் முறுக்கையும் அக்கம்பக்கத்தார் ஒரு கேள்வி கேட்காமல் சாப்பிடுகிறார்கள் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

ஆயுத பூசை என்றதும் ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறைகள். கண்ணாடி, இரும்புச் சட்டம், சாந்து கலக்கும் தொட்டி என எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அன்று லீவு போட்டுவிடுவது சுலபம். ஆனால் கழுவுகிற வேலையை மற்றவர்கள் தலையில் கட்டிவிட்டுப் போனவன் என்று ஆகும். முந்தின நாளே வந்து முதல் ஆளாகத் தரையைத் தேயுங்கள், கண்ணாடியில் ஒட்டிய பழைய சிமெண்டைச் சுரண்டுங்கள், சட்டங்களை எண்ணி அடுக்குங்கள். பூசை நேரத்தில் மட்டும் வெளியே நின்றால் போதும். ஓனரிடம் இதை ஒரு வாரம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். கற்பூரத்தை ஏற்றியபிறகு நழுவினால் அது நாடகம்.

தானியேல் முதல் அதிகாரத்தில் நாம் கவனிக்காமல் தாண்டிப்போகிற ஒரு வசனம் இருக்கிறது. பாபிலோன் அரண்மனைக்குக் கொண்டுபோகப்பட்ட தானியேல், ராஜ போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தக் கூடாதென்று முன்பே இருதயத்தில் தீர்மானம் செய்துகொண்டார், சரி. ஆனால் அவருக்குப் பொறுப்பான அரண்மனை அதிகாரி என்ன சொல்கிறார்? உங்கள் முகம் வாடிப்போனால் ராஜாவிடம் போகப்போவது என் தலை என்கிறார். தானியேல் உடனே வேறு வழி கேட்கிறார். பத்து நாள் பருப்பும் தண்ணீரும் கொடுத்துப் பாருங்கள், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள். தன் விசுவாசத்துக்கு அடுத்தவன் தலை விலையாகக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. எந்த நெருக்கடியிலும் இதைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்: நான் வேண்டாம் என்றால் அதன் செலவை யார் கட்டுகிறார்கள்?

வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று. பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, இளையாற்றங்குடி, மாத்தூர் என்று நகரத்தாரின் ஒன்பது கோயில்களையும் சுற்றிக்காட்ட வேண்டும், போகலாமா? போகலாம். பைபிளில் சீரியா தளபதி நாகமான், தன் ராஜாவுக்குக் கைத்தாங்கலாக ரிம்மோன் சாமி கோயிலுக்குள் போக வேண்டியிருக்கிறதே என்று தீர்க்கதரிசி எலிசாவிடம் மனம் விட்டுச் சொன்னபோது, சமாதானத்தோடே போ என்றுதான் பதில் வந்தது. நடை சாத்தும் நேரம் தெரிந்து வைத்துக்கொண்டு ஒழுங்காக ஓட்டுங்கள். வண்டிக்குள் பிரசங்கம் வேண்டாம், அவர்கள் கொடுப்பது கார் வாடகை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பது வண்டி உரிமையாளர் பாடு. சொந்த வண்டி என்றால் அது உங்கள் முடிவு.

தேவகோட்டையிலிருந்து திருவாடானைப் பக்கம் போனால் ஓரியூர். 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோ சாமியார் தலை வெட்டப்பட்ட இடம். 1947-இல் புனிதர் பட்டம் கிடைத்தது. அங்கே போய்ச் செம்மண்ணை மடித்து எடுத்துக்கொண்டு வருகிற நாம், எதற்காக வெட்டினார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. மறவர் சீமைத் தலைவர் தடியத் தேவர் ஞானஸ்நானம் பெற, ஒரே மனைவியோடு வாழ முடிவு செய்து மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரம் ராஜா சேதுபதி வீட்டுப் பெண். மூண்டது அங்கேதான், ஒரு குடும்ப விஷயத்தில். விசுவாசம் படுக்கையறையையும் பணப்பெட்டியையும் தொடும்போதுதான் உண்மையான சூடு தெரியும். குங்குமம், பொரி எல்லாம் அதற்குப் பக்கத்தில் சின்ன விஷயம்.

பணப்பெட்டியையே எடுத்துக்கொள்வோம். கணக்கு வழக்கில் பேர்போன சீமை இது, வட்டிக் கணக்கு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், வருடத்துக்கு 36. ஐந்து வட்டிக்கு 50,000 வாங்கினால் மாதம் 2,500. இருபது மாதத்தில் வட்டி மட்டும் 50,000 போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். கந்து வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-இலேயே சட்டம் வந்தாயிற்று. நெற்றியில் குங்குமம் படாமல் காத்துக்கொள்ளும் ஒருவர், ஞாயிறு ஆராதனையில் பக்கத்தில் உட்கார்கிற சகோதரிக்கு ஐந்து வட்டிக்கு விட்டிருப்பதை யாரும் பாவம் என்று நினைப்பதில்லை. 15-ஆம் சங்கீதம் கர்த்தருடைய கூடாரத்தில் தங்குபவன் யார் என்று கேட்டு, தன் பணத்தை வட்டிக்குக் கொடாதவன் என்று பதில் சொல்கிறது. இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? ஏற்கெனவே கொடுத்திருந்தால், இதுவரை வந்த வட்டியை அசலில் கழித்து, மீதியைத் தவணையாக வாங்கிக்கொண்டு, கையெழுத்து வாங்கிய பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நஷ்டம்தான், ஆனால் நம் நஷ்டம்.

சாதியும் இதே கணக்குதான். அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து ஒதுங்கினார். பவுல் முகத்துக்கு நேராகவே எதிர்த்தார் (கலாத்தியர் 2). நம் பந்திகளில் அந்த எழுந்துபோதல் சத்தமில்லாமல் நடக்கிறது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூடப் பிரிவு. பிரசங்கத்தால் இது மாறியதாகத் தெரியவில்லை. மாறுவது, நம் வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் யாரை நம் பக்கத்தில் உட்கார வைக்கிறோம், துக்கத்துக்கு யார் வீட்டுக்குள் போய் அவர்கள் டம்ளரில் காபி குடிக்கிறோம் என்பதில்தான். சொந்தக்காரர்கள் இரண்டு பேர் சாப்பிடாமல் போவார்கள். போகட்டும் என்று முந்தின இரவே கணவனும் மனைவியும் பேசி வைத்திருந்தால்தான் அந்த நேரத்தில் கை நடுங்காது.

குடிக்கு நடைமுறை மட்டும் சொன்னால் போதும். மாப்பிள்ளை அழைப்பு இரவு, மாடியில் பாய் விரித்திருக்கும். "இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லாதீர்கள், அது நாளைக்கு என்று கேட்கும். "மாத்திரை சாப்பிடுறேன்" என்பது பொய், அடுத்த மாதம் மாத்திரை முடிந்துவிட்டதா என்று கேட்பார்கள். "நான் குடிக்கிறதில்லை அண்ணே", அவ்வளவுதான், காரணம் சேர்க்கக் கூடாது. காரணம் கொடுத்தால் அதற்குப் பதில் காரணம் வரும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், சொந்த வண்டியில் போங்கள், கையில் எப்போதும் ஒரு டம்ளர் இருக்கட்டும். இரண்டாவது பாட்டில் திறக்குமுன் கிளம்புங்கள். குடித்தவர்களை வீட்டில் இறக்கிவிடும் வேலையை ஏற்றுக்கொண்டால் இன்னும் நல்லது, யாரும் வற்புறுத்தமாட்டார்கள்.

கைபேசி ரம்மிக்கும் ஆபாசப் படத்துக்கும் இதே மாதிரிதான், நேரமும் இடமும்தான் சாவி. ராத்திரி பதினொன்றுக்குக் களைத்த உடம்போடு தனியாக இருக்கும்போது ஜெபத்தால் ஜெயிப்பேன் என்று உட்காருவதைவிட, ஒன்பதரைக்கே போனை முன்கட்டில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுப்பது மேல். எஜமான் போத்திபாரின் மனைவி பிடித்து இழுத்தபோது யோசேப்பு நின்று விவாதிக்கவில்லை, மேலாடையை விட்டுவிட்டு ஓடினார். பணம் போகிற ஆட்டம் என்றால், சம்பளம் ஏறும் நாளிலேயே பெரும்பகுதியை மனைவியின் கணக்குக்கு மாற்றிவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் விழுவோம். விழுந்தபிறகு செய்யும் பெரிய தப்பு, அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இருப்பது. ஒரு வாரம் மூன்று வாரமாகும். கத்தோலிக்கர் பங்குக் குருவிடம் அதே வாரம் பாவசங்கீர்த்தனம் செய்துவிடட்டும். மற்றவர்கள் சபை ஐயரான போதகரிடமோ, வாய் இறுகிய ஒரு மூத்த விசுவாசியிடமோ பேரைச் சொல்லி, நடந்ததைச் சொல்லி முடிக்கட்டும். பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்ததும் கரிநெருப்பு ஓரத்தில், இயேசு அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டதும் கரிநெருப்பு ஓரத்தில், மீன் சுட்ட காலையில்.

பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது, பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. யார் முன்னால் குடித்தோமோ அவர்களிடமே போய், "அண்ணே, அன்னைக்கு உங்ககூடக் குடிச்சது என் தப்பு. இனிமே எனக்கு ஊத்தாதீங்க" என்று சொல்வது. சிரிப்பார்கள், ஒரு வாரம் கிண்டல் ஓடும். அடுத்த விசேஷத்தில் நீங்கள் பாயில் உட்காரும்போது, யாரோ ஒருவர் சொல்லாமலே உங்கள் முன்னால் ஒரு பொவொண்டோவைத் தள்ளி வைப்பார்.