இருட்டுக் கதையும் என் மகளும்

ராத்திரி பதினொரு மணிக்கும் மகளின் அறையில் விளக்கு எரிந்தது. போர்வைக்குள் லோயிஸ் லோரி 1993-ல் எழுதிய 'தி கிவர்' நாவல்; எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் தோன்றும் ஒரு கற்பனை ஊரில் வளரும் பையனின் கதை. அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது. "அம்மா, அந்தப் பையனோட அப்பா பச்சக் குழந்தைக்கு ஊசி போட்டுக் கொன்னுட்டாரும்மா. கொஞ்சிக்கிட்டே போட்டார்."

அவளுக்கு 12 வயது. புத்தகத்தை வாங்கி வைத்துவிடலாம் என்று கை நீண்டது. அதற்குள் அடுத்த கேள்வி: "எல்லாரும் நல்லவங்கதானே, ஏன் ஒருத்தர்கூட கேள்வி கேக்கல?"

கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம் பேசினோம். பாடப்புத்தகம் எதுவும் அவளை இப்படிக் கேட்க வைத்ததில்லை.

எல்லா இருட்டுக் கதையையும் கொடுத்துவிட மாட்டேன். ரத்தத்தைவிட, தப்பிக்க ஒரு சந்துகூட விடாத கதைகளுக்குத்தான் அதிகம் பயப்படுகிறேன். ஜார்ஜ் ஆர்வெலின் '1984' நாவல் இப்போதைக்கு மேல் தட்டிலேயே இருக்கட்டும். 12 முதல் 18 வயதுப் பிள்ளைகளை ஒருவரையொருவர் கொல்லவிடும் 'ஹங்கர் கேம்ஸ்' அடுத்த வருடம். அதையும் சேர்ந்தே படிப்போம். தனியாகப் படித்துவிட்டுத் தனியாகப் பயந்து கிடப்பதுதான் ஆபத்து.

'தி கிவர்' முடிவில் பனிச்சரிவில் இறங்கும் பையன் பிழைத்தானா என்பது வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. எனக்குச் சந்தேகம்தான். "பிழைச்சிட்டான்மா, பாட்டுச் சத்தம் கேட்டுச்சே" என்று அவள் அடித்துச் சொல்கிறாள்.