ஏஐஎஸ் பெட்டியை சார்ட் பிளாட்டரோடு இணைக்க: மதுரையிலேயே முடிக்க வேண்டிய வேலை எது, கரையில் எது

தொண்டிக்கோ மண்டபத்துக்கோ போய்ப் படகில் ஏஐஎஸ் (உங்கள் படகின் பெயரையும் இடத்தையும் சுற்றியுள்ள கப்பல்களுக்கு ரேடியோவில் சொல்லி, அவற்றுடையதைக் கேட்கும் பெட்டி) பொருத்தி, சார்ட் பிளாட்டரோடு (கடல் வரைபடம் காட்டும் திரை) இணைக்க நினைப்பவர்கள் பாதி வேலையை மதுரையிலேயே மேசை மேல் வைத்து முடித்துவிட்டுக் கிளம்புங்கள். கரையில் போய் நின்றுகொண்டு ஒரு பிளக்குக்கும் ஒரு செட்டிங்குக்கும் நாள் முழுக்க அலைவது வீண். இந்த இணைப்பில் பெட்டியே பழுதாக இருப்பது அபூர்வம். தகராறு வருவதெல்லாம் வேக செட்டிங், சிக்னல் வயர் ஜோடி, ஆன்டெனா கேபிள் இந்த மூன்றில்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு என்று 2024 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தில் வரும் இஸ்ரோ டிரான்ஸ்பாண்டர் வேறு, ஏஐஎஸ் வேறு. இஸ்ரோ கருவி செயற்கைக்கோள் வழியாகக் கரையோடு பேசும்; படகில் இருப்பவர் அதை போனில் நபமித்ரா செயலியில் பார்க்கலாம். ஏஐஎஸ் அப்படியல்ல. 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு விஎச்எஃப் அலைவரிசையில் படகும் கப்பலும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். கீழே சொல்லும் வயர் வேலை ஏஐஎஸ்ஸுக்கு மட்டும்தான். இரண்டும் ஒரே படகில் இருக்கலாம், ஒன்றுக்கொன்று மாற்று ஆகாது.

பெட்டி வாங்கும் முன் பிளாட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். படகுக் கருவிகள் ஒன்றோடொன்று டேட்டா பேசும் முறை இரண்டு: என்எம்இஏ 0183, என்எம்இஏ 2000. என்எம்இஏ 0183 என்றால் நாலைந்து வண்ண வயர் தொங்கும். என்எம்இஏ 2000 என்றால் வட்டமான ஐந்து பின் சாக்கெட் இருக்கும். விலை குறைந்த சில மீன் தேடும் கருவிகளில் இரண்டுமே இருக்காது. அவற்றில் ஏஐஎஸ் காட்டவே முடியாது.

டிஎக்ஸ் என்றால் அனுப்பும் முனை, ஆர்எக்ஸ் என்றால் வாங்கும் முனை. 0183-இல் வேலை இவ்வளவுதான்: ஏஐஎஸ்ஸின் டிஎக்ஸ் ஏ, பிளாட்டரின் ஆர்எக்ஸ் ஏ-க்கு, டிஎக்ஸ் பி, ஆர்எக்ஸ் பி-க்கு. ஏ-யை பிளஸ் என்றும் பி-யை மைனஸ் என்றும் சில கம்பெனிகள் அச்சிடும். வயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் நிறத்தை நம்பி முறுக்காதீர்கள், மேனுவலில் உள்ள படத்தைப் பாருங்கள். மேனுவல் தொலைந்துபோனால் மல்டிமீட்டர் போதும். டேட்டா ஓடாமல் சும்மா இருக்கும் நேரத்தில் ஏ முனை, பி முனையைவிடச் சில வோல்ட் மைனஸில் நிற்கும். மாற்றிக் கொடுத்தாலும் எதுவும் எரியாது. திரையில் ஒன்றும் வராது, அவ்வளவே. இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள்.

பழைய பிளாட்டர் சிலவற்றில் ஆர்எக்ஸ் ஒரு வயர், கிரவுண்ட் ஒரு வயர் என்று மட்டும் இருக்கும். அப்போது டிஎக்ஸ் ஏ-யை ஆர்எக்ஸுக்குக் கொடுத்து, இரண்டு பெட்டிகளின் கிரவுண்டையும் சேர்த்துவிட்டு, டிஎக்ஸ் பி-யை டேப் சுற்றித் தனியாக விட்டுவிட வேண்டும். பி-யை கிரவுண்டோடு முறுக்குகிறவர்கள் உண்டு. அது ஏஐஎஸ்ஸின் அவுட்புட்டை ஷார்ட் செய்வதற்குச் சமம்.

இனி வேகம். சாதாரண 0183 போர்ட் 4800 பாட் ரேட்டில் (விநாடிக்கு 4800 பிட்) ஓடும். ஏஐஎஸ் அனுப்புவது 38400. வயர் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு கப்பல்கூடத் தெரியவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். கார்மின் பிளாட்டர்களில் போர்ட் வகையை ‘என்எம்இஏ ஹை ஸ்பீட்’ என்று மாற்ற வேண்டும். சில மாடல்களில் எல்லா போர்ட்டும் இந்த வேகத்தை ஏற்காது, ஒன்று மட்டும்தான் ஏற்கும். அந்த போர்ட்டில் ஏற்கெனவே வேறு கருவி இருந்தால் அதை இடம் மாற்றுங்கள்.

சிக்னல் வயருக்கு லேன் கேபிளை வெட்டிப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதில் இருப்பது பெரும்பாலும் ஒற்றைக் கம்பி. டீசல் இன்ஜின் அதிர்வில் ஸ்க்ரூ டெர்மினலை ஒட்டி முறிந்துபோகும். வெளியே ரப்பர் முழுசாக இருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. பல இழை கொண்ட, ஈயம் பூசிய, ஷீல்டு போட்ட ஜோடி வயர் வாங்குங்கள். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள்.

என்எம்இஏ 2000 என்றால் குழப்பம் குறைவு, செலவு கூடுதல். முதுகெலும்பு போல ஒரு மெயின் கேபிள், அதில் டி-கனெக்டர்கள், இரு கோடியிலும் 120 ஓம் டெர்மினேட்டர், ஒரு பவர் கேபிள். எல்லாம் மாட்டியபின் பவரை நிறுத்தி, வெள்ளைக்கும் நீலத்துக்கும் இடையே ஓம் அளந்தால் 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு டெர்மினேட்டர் இல்லை அல்லது தொடர்பு விட்டிருக்கிறது. மெயினிலிருந்து கருவிக்கு இறங்கும் கிளை 6 மீட்டருக்குமேல் போகக் கூடாது. இந்தப் பாகங்கள் டவுன்ஹால் ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தேடி அலையும் சாமான் அல்ல, முன்கூட்டியே ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டும். ரேமரின் பிளாட்டருக்கு அந்தக் கம்பெனி கனெக்டர் வடிவமே வேறு. அடாப்டர் கேபிளையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மேசை சோதனைக்கு வருவோம். 12 வோல்ட் பேட்டரி, ஜன்னல் வழியாக வானம் பார்க்கும் ஜிபிஎஸ் ஆன்டெனா, விஎச்எஃப் சாக்கெட்டில் 5 வாட் தாங்கும் 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டுவது). சாக்கெட்டை வெறுமனே விட்டு ஆன் செய்யாதீர்கள். மதுரை மாடியில் நல்ல ஆன்டெனாவே வைத்தாலும் கப்பல் ஒன்றும் தெரியப்போவதில்லை, கடல் அவ்வளவு தூரத்தில் இருக்கிறது. ஆகவே கப்பலை எதிர்பார்க்காமல் வேறு இரண்டைப் பாருங்கள். ஒன்று, பிளாட்டரின் சொந்த ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டு, ஏஐஎஸ் தரும் இடக்குறிப்பு திரையில் வருகிறதா என்று. வடக்கு 9 டிகிரி 55 நிமிடம், கிழக்கு 78 டிகிரி 7 நிமிடத்தை ஒட்டி நின்றால் வயர் சரி, வேகம் சரி. இரண்டு, லேப்டாப்பில் 38400 வைத்துக் கேட்டால் ஏஐவிடிஓ என்று தொடங்கும் வரிகள் வர வேண்டும். அவை உங்கள் படகு தன்னைப் பற்றிச் சொல்பவை. மற்ற கப்பல்களின் வரிகள் ஏஐவிடிஎம் என்று தொடங்கும். அவை கடலுக்குப் போனால்தான்.

ஏஐவிடிஓ வரவில்லை என்றால் எம்எம்எஸ்ஐ போடாத பெட்டி. எம்எம்எஸ்ஐ என்பது படகின் ஒன்பது இலக்க அடையாள எண், இந்தியப் படகுக்கு 419 என்று தொடங்கும். இது இல்லாமல் பெட்டி கேட்கும், பேசாது. பெரும்பாலான பெட்டிகளில் ஒரே ஒருமுறைதான் பதிக்க முடியும். தப்பாகப் போனால் டீலரிடம்தான் போக வேண்டும். காகிதத்தில் இருப்பதை ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் திரையில் சரிபார்த்து, அதன்பிறகு சேவ் அழுத்துங்கள். கப்பல் வகை 30, அதுதான் மீன்பிடிப் படகு. படகின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் 20-க்குள். அணியத்திலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் ஜிபிஎஸ் ஆன்டெனா எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்பதையும் டேப் வைத்து அளந்து போடுங்கள்.

படகில் பவர் வயர். வகுப்பு பி பெட்டி (சிறு படகுகளுக்கான ஏஐஎஸ்) சராசரியாகக் கொஞ்சம்தான் இழுக்கும், ஆனால் அலை அனுப்பும் நொடியில் 2 ஆம்பியர் வரை போகலாம். பேட்டரி 10 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 20 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் வயரில் 0.7 வோல்ட் குறையும், 1.5-இல் அரை வோல்ட்டுக்குள் நிற்கும். பேட்டரி ஏற்கெனவே இறங்கியிருக்கும் விடியற்காலையில் அந்த வித்தியாசம் பெட்டியை ரீஸ்டார்ட் செய்ய வைக்கும். 1.5-க்குக் கீழே போகாதீர்கள். மேனுவலில் சொன்ன பியூஸ் பேட்டரி பக்கத்தில் இருக்கட்டும், பெட்டிப் பக்கத்தில் அல்ல.

காசு போட வேண்டிய இடம் ஆன்டெனா கேபிள். அனுப்புவது வெறும் 2 வாட். ஆர்ஜி-58 மீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபெல் தின்னும். 10 மீட்டரில் 2 வாட் 1.3-க்கு வந்துவிடும். ஆர்ஜி-213 அதில் பாதிதான் தின்னும். டிவி டிஷ்ஷுக்குப் போடும் ஆர்ஜி-6 கையில் இருக்கிறதே என்று மாட்டவே கூடாது. அது 75 ஓம், இங்கே வேண்டியது 50. வாக்கி (பேசப் பயன்படும் விஎச்எஃப் ரேடியோ) ஆன்டெனாவோடு டி-பிளக் போட்டுப் பங்கிடுவதும் ஆகாது. வாக்கியின் 25 வாட் நேராக ஏஐஎஸ்ஸுக்குள் பாய்ந்து அதை முடித்துவிடும். தனி ஆன்டெனா போடுங்கள், இல்லையென்றால் ஏஐஎஸ்ஸுக்கென்றே செய்த ஸ்ப்ளிட்டர் வாங்குங்கள். பிளக்கின் மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாக, ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறச் சுற்றுங்கள். உப்புத் தண்ணீர் உள்ளே போன கேபிளின் பின்னல் பச்சையாகி, பிறகு கறுத்துப்போகும். அதை வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை.

எல்லாம் சரி, ஆனால் பக்கத்துக் கப்பல்தான் தெரிகிறது, தூரத்தில் இருப்பது தெரியவில்லை என்றால் எல்இடி விளக்குகளை அணைத்துப் பாருங்கள். மலிவான எல்இடி டிரைவரும் 24-இலிருந்து 12 வோல்ட்டாக்கும் கன்வெர்ட்டரும் விஎச்எஃப் அலையில் இரைச்சல் கிளப்பும். அணைத்ததும் திரையில் கப்பல் கூடினால் குற்றவாளி கிடைத்துவிட்டது. அந்த வயர்களை ஆன்டெனா கேபிளிலிருந்து விலக்கி, ஃபெரைட் வளையம் மாட்டுங்கள். அடங்காவிட்டால் விளக்கை மாற்றத்தான் வேண்டும்.

எவ்வளவு தூரம் தெரியும்? ஆன்டெனா உயரம்தான் கணக்கு. உங்களுடையது 3 மீட்டர், கப்பலுடையது 30 மீட்டர் என்றால் சுமார் 16 கடல் மைல். இரண்டும் 3 மீட்டர் படகு என்றால் 8-க்குள். இதோடு இடத்தையும் சேர்த்து யோசியுங்கள். பாக் நீரிணை ஆழமில்லாதது, பெரிய கப்பல் வழி அங்கே இல்லை. தொண்டிக்கு வெளியே திரை காலியாக இருந்தால் இணைப்பைப் பிரிக்கத் தொடங்காதீர்கள். அதே பெட்டி மன்னார் வளைகுடாப் பக்கம், தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைக் காட்டும்.

மோதல் அலாரம் உங்கள் படகையே எதிரி என்று கூவினால், பிளாட்டர் செட்டிங்கில் உங்கள் எம்எம்எஸ்ஐயைப் போடவில்லை. பெட்டிக்குள் போட்டது போதாது, பிளாட்டரிலும் போட வேண்டும். அலாரம் தூரத்தை அரை கடல் மைல், நேரத்தை 10 நிமிடம் என்று தொடங்குங்கள். துறைமுகத்துக்குள் ஓயாமல் கத்துகிறதே என்று மொத்தமாக அணைத்துவிட்டு, வெளியே போனதும் மறந்துபோவதுதான் பெரிய ஆபத்து. வலை விட்டுக் கிடக்கும் ராத்திரியில் அந்த ஒரு சத்தம் ஐந்தாறு பேர் உயிர். நின்றிருக்கும் படகுகளுக்கு மட்டும் அலாரம் வேண்டாம் என்ற செட்டிங் இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள்.

கடைசிச் சோதனை அடுத்த படகின் திரையில்தான். 2 நாட் வேகத்துக்குமேல் (மணிக்கு 2 கடல் மைல்) ஓடினால் உங்கள் இடக்குறிப்பு 30 விநாடிக்கு ஒருமுறை போகும். நங்கூரம் போட்டு நின்றால் 3 நிமிடத்துக்கு ஒருமுறைதான். பெயர் 6 நிமிடத்துக்கு ஒருமுறை. முதலில் வெறும் எண் மட்டும் தெரிந்து, பெயர் வராமல் இருப்பது பழுதல்ல, ஏழெட்டு நிமிடம் பொறுங்கள். அதற்குப் பிறகும் எண்கூட அங்கே வரவில்லையென்றால் சைலன்ட் மோட் சுவிட்சை (பெட்டி அனுப்புவதை நிறுத்தும் சுவிட்ச்) பாருங்கள், அடுத்தது ஆன்டெனா பிளக்.